துளைக்கு எத்தனை வயது?

பின்னால் வருகிறவர் முகத்தில் நீலப் புகை அடிக்கிறது என்றால், தெருமுனை மெக்கானிக் வண்டியை நிறுத்திப் பார்ப்பதுகூட இல்லை. "போர் போயிருச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு மிச்ச டீயைக் குடிப்பார். தமிழில் இந்த ஒரு சொல் படும் பாடு கொஞ்சமில்லை. சண்டையும் போர், வைக்கோல் குவியலும் போர், தோட்டத்தில் ஆயிரம் அடிக்கு இறக்குவதும் போர், சலிப்பூட்டும் மேடைப்பேச்சும் போர். மெக்கானிக் சொல்லும் போர் என்பது சிலிண்டரின் உட்துளை. ஆக, அவர் 'போய்விட்டது' என்று தீர்ப்புச் சொல்வது ஒரு காலியிடத்தைப் பற்றி.

காலியிடம் எப்படித் தேயும்? சிலிண்டரைக் கழற்றித் துடைத்து உள்ளே விரலை விட்டால் பதில் நகத்தில் தட்டுப்படும். மேல்விளிம்பிலிருந்து சற்றுக் கீழே ஒரு சின்னப் படி இருக்கும். அந்தப் படிக்கு மேலே பிஸ்டன் ரிங் எட்டுவதே இல்லை. அங்கே இரும்பு, தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்த அளவிலேயே இருக்கிறது. படிக்குச் சற்றுக் கீழே, ரிங் ஒவ்வொரு முறையும் வந்து நின்று திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அங்கிருந்து இறங்க இறங்கத் தேய்மானம் குறைகிறது. நேர்குழாயாகப் பிறந்த ஒன்று, வாய் அகன்ற புனலாக மாறிக்கொண்டிருக்கிறது.

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். துளையின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 9 மீட்டர். நடுவழியில் வேகம் உச்சத்தில் இருக்கும். அந்த வேகத்தாலேயே எண்ணெய்ப் படலம் ரிங்கைச் சுவரில் உரசவிடாமல் தாங்கிக்கொள்ளும். ஆனால் மேலேயும் கீழேயும் திரும்பும்போது பிஸ்டன் ஒரு கணம் நின்றாக வேண்டும். அப்படி நொடிக்கு 100 முறை நிற்கிறது. நின்றதும் படலம் மெலிகிறது. மேல்முனையிலோ எரியும் வாயுவின் அழுத்தமும் சூடும் சேர்ந்து ரிங்கைச் சுவரோடு வைத்து நெருக்குகின்றன. பாய்ந்து ஓடும் இடத்தில் தேயாத எஞ்சின், நிற்கும் இடத்தில் தேய்கிறது. போதாததற்குக் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் அதிகம் உரசி, வட்டம் லேசாக முட்டையாகிறது. போர் கேஜை உள்ளே விட்டு மேல், நடு, அடி என மூன்று மட்டங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்தால் ஆறு எண்கள் வரும். நல்ல துளையில் ஆறும் ஒன்றாக இருக்கும்.

இனி வைத்தியம். கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடலாம், ஓட்டைக் குடத்துக்கு ஈயம் வைக்கலாம். தேய்ந்த துளைக்கு வழக்கமான சிகிச்சை இதற்கு நேர் எதிரானது: இன்னும் வெட்டுவது. எங்கே மிக மோசமாகத் தேய்ந்திருக்கிறதோ, அந்தப் புள்ளியையும் தாண்டித் துளை முழுவதையும் சீராக அகலப்படுத்த வேண்டும். பிறகு அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டனைப் போட வேண்டும். இதற்குத்தான் ரீபோர் என்று பெயர். கடையில் அதற்கென்றே 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் கூடுதல் அளவுகளில் பிஸ்டன்கள் கிடைக்கின்றன. பக்கத்து இரும்பு தேய்ந்த குற்றத்துக்காகத் தேயாத நல்ல இரும்பும் வெட்டுப்படுகிறது. இத்தனை வருடம் யாரும் தொடாமல் ஆதி அளவிலேயே இருந்த அந்த மேல்படிதான் டூலுக்கு முதல் பலி.

வேலை முடிந்த பிறகு, அது பழைய எஞ்சின்தானா?

கேள்வி கொஞ்சம் விஷமத்தனமானது. வண்டிக்காரர் "அதேதான்" என்பார். கணக்கு அப்படிச் சொல்லாது. 70 மில்லிமீட்டர் துளையில் புல்லட்டின் கொள்ளளவு 346 சிசி. 0.50 ஏற்றினால் 351. முழு 1.00 ஏற்றினால் 356. யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு விட்டமும் ஸ்ட்ரோக்கும் தலா 50 மில்லிமீட்டர். கொள்ளளவு 98 சிசி. நாலாவது ரீபோருக்குப் பிறகு அது 102. பெயரில் இருக்கும் நூறைத் தொடாமலே பிறந்த வண்டி, தேய்ந்து தேய்ந்து நூறைத் தாண்டுகிறது! ஆர்.சி. புத்தகத்துக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. அதற்கு எஞ்சின் நம்பர் போதும். அந்த நம்பர் அடித்திருப்பதோ கிராங்க் கேஸில். சிலிண்டரைக் கழற்றி ஆற்றில் எறிந்தாலும் சட்டத்தின் கண்ணில் எஞ்சின் மாறுவதில்லை.

மாறும் பொருள் எப்படி அதே பொருளாக இருக்கிறது என்ற கேள்வி எழும்போதெல்லாம் கிரேக்கத்துத் தீசியஸின் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்துவது வழக்கம். பலகை பலகையாக மாற்றிய கப்பல் பழைய கப்பலா என்பதைத் தத்துவவாதிகள் வாதிட்ட கதையைப் புளூட்டார்க் எழுதிவைத்தார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மையான கப்பல் என்று 1655-இல் தாமஸ் ஹாப்ஸ் இன்னொரு முடிச்சைப் போட்டார். சிலிண்டரோ இந்த வகையில் சேராது. இங்கே ஒரு பலகையும் மாறவில்லை. எதுவும் சேரவும் இல்லை. போனது மட்டும் உண்டு. 70-ஐ 70.50 ஆக்கினால், பத்து சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுமார் 40 கிராம் இரும்பு போகிறது. அதில் ஒரு பங்கு பல வருடங்களாக எண்ணெயோடு கலந்து போனது. மிச்சம் ஒரே மதியத்தில் கறுப்புத் தூளாக லேத்தின் அடியில் விழுந்தது. முதல் பங்குக்குத் தேய்மானம் என்று பெயர், இரண்டாவதற்கு ரிப்பேர் என்று பெயர். இரும்பின் பக்கம் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே.

இந்த வழக்கை நம் பழைய தருக்கவாதிகளிடம் கொண்டுபோனால் சபை களைகட்டும். வைசேடிகர் மிகக் கறாரானவர். உறுப்புகள் சேர்ந்து உண்டாகும் முழுமை என்பது தனியொரு பொருள். ஓர் உறுப்பு குறைந்தாலும் பழைய முழுமை அழிந்தது, புதிய முழுமை பிறந்தது என்பது அவர் கட்சி. பச்சை மண்குடம் சூளையில் வேகும்போதே அணு அணுவாகக் கலைந்து மறுபடி கூடுகிறது என்று சொல்லவும் அவர்கள் தயங்கவில்லை. அந்தக் கணக்கில் லேத் ஓடும்போது டூல் சீவும் ஒவ்வொரு துணுக்கோடும் ஒரு சிலிண்டர் செத்து இன்னொரு சிலிண்டர் பிறக்கிறது. நேர்மையான வாதம்தான். ஆனால் கூலியை எந்தச் சிலிண்டருக்கு வாங்குவது என்பது பட்டறைக்காரர் கவலை.

பௌத்தர் இன்னும் ஒரு படி மேலே போவார். சாகல நகரத்தில் கிரேக்க மரபு அரசன் மிலிந்தனிடம் பிக்கு நாகசேனர் தேரைக் காட்டிக் கேட்டதாக வரும் உரையாடல் புகழ்பெற்றது. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் இல்லை என்றானதும், தேர் என்பது இந்தச் சேர்க்கைக்கு நாம் வைத்த பெயர் என்று முடித்தார். இரவெல்லாம் எரியும் விளக்கையும் அவர் காட்டினார். முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றும் இல்லை, வேறும் இல்லை. எல்லாம் கணந்தோறும் அழிந்து பிறக்கிறது என்ற இந்தக் கணபங்க வாதத்தைத் தமிழ்நாட்டுச் சமணரும் சைவரும் சும்மா விடவில்லை. நீலகேசி என்ற சமணக் காப்பியத்தின் நாயகி, குண்டலகேசியில் தொடங்கிப் பௌத்த ஆசிரியர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய் வாதிடுகிறாள்; வைசேடிகரையும் விட்டுவைக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தரை மடக்கினார். எல்லாம் கணந்தோறும் அழியுமானால் நேற்றுக் கண்டதை இன்று நினைப்பது யார் என்பதே இவர்கள் கேள்வியின் சாரம்.

சமணரின் சொந்தப் பதில்தான் மெக்கானிக் கடைக்குப் பொருத்தமாக இருக்கிறது. உள்ளது எதுவானாலும் தோற்றம், கேடு, நிலைபேறு மூன்றும் அதில் ஒரே நேரத்தில் உண்டு என்பது அவர்கள் கொள்கை. சமந்தபத்திரரின் ஆப்தமீமாம்சையில் இதற்கு அழகான உதாரணம் வருகிறது. பொற்குடத்தை உருக்கி முடி செய்கிறார்கள். குடம் வேண்டியவன் அழுகிறான், முடி வேண்டியவன் மகிழ்கிறான், பொன் வேண்டியவன் சும்மா இருக்கிறான். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ரீபோர் நடக்கும் இடத்திலும் இதே மூவரைப் பார்க்கலாம். 'ஒரிஜினல் ஸ்டாண்டர்டு' துளைக்காக ஏங்கும் சேகரிப்பாளர் ஒருவர். திங்கட்கிழமை வேலைக்கு வண்டி வேண்டும் என்கிறவர் ஒருவர். எப்படியானாலும் எடை போட்டு எடுத்துக்கொள்ளும் பழைய இரும்புக்காரர் மூன்றாமவர்.

சமணர் பதிலில் ஒரு குறை இல்லாமல் இல்லை. மூன்று பேரும் சரி என்று சொல்லிவிட்டால் யார் பேச்சைக் கேட்பது? நிலைத்து நிற்பது இரும்பு என்றால், உடைத்துக் கடாயாக வார்த்தாலும் நிலைத்துத்தான் நிற்கும். எஞ்சினை எஞ்சினாக வைத்திருப்பது எது என்பதற்கு இது விடை ஆகாது. அந்த விடையைத் தேட நூலை மூடிவிட்டு லேத்தைப் பார்ப்பது நல்லது.

சிறு எஞ்சின்களின் துளையை வீட்டிலேயே சரிசெய்யும் பழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றிய ஒன்று. அங்கே வீட்டு லேத்துக்காரர்கள் படிக்கும் 'மாடல் எஞ்சினியர்' என்ற இதழ் 1898-இலேயே தொடங்கிவிட்டது. நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் மைஃபோர்டு நிறுவனம் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கொண்டுவந்த எம்எல்7 லேத், தோட்டத்துக் கொட்டகைகளில் இன்றும் ஓடுகிறது. நம் பக்கம் கோவையில் வீட்டின் முன்பகுதியை லேத்துக்கு விட்டுவிட்டுப் பின்பகுதியில் குடியிருக்கும் ஜாப் ஒர்க் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. ஊர் எதுவானாலும் சிக்கல் ஒன்றே: பழைய, தானே கொஞ்சம் தேய்ந்துபோன லேத்தில் தேயாத துளையை எப்படி எடுப்பது?

இரண்டு வழி உண்டு. சிலிண்டரை ஃபேஸ் பிளேட்டில் பூட்டிச் சுழலவிட்டு, டூலை உள்ளே செலுத்தலாம். லேத்தின் பெட், சுழலும் அச்சுக்கு மயிரிழை கோணலாக இருந்தாலும் துளை ஒரு முனையில் அகன்றுவிடும். இன்னொரு வழி, சிலிண்டரை லேத்தின் நகரும் கேரியேஜின் மேல் அசையாமல் கட்டிவிட்டு, இரண்டு சென்டர்களுக்கு நடுவே ஒரு தண்டை நிறுத்தி, அதில் டூல் பிட்டைச் செருகிச் சுழற்றுவது. தண்டு சிலிண்டரின் ஊடாகப் போகும். சிலிண்டர் மெதுவாக அதன்மேல் நகரும். டூல் வரையும் வட்டத்தின் அளவு தொடக்கத்தில் என்னவோ முடிவிலும் அதே. பெட் கோணலாக இருந்தால் வட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவு நசுங்கலாம், ஆனால் புனல் ஆகாது. வேலை மெதுவானது. ஒவ்வொரு வெட்டுக்கும் பிட்டைத் தட்டித் தட்டி வெளியே தள்ள வேண்டும். நூறில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் திரும்பப் பெற முடியாது. பொறுமை இல்லாதவர்கள் இந்த வழியில் போவதில்லை.

இரு முனையிலும் தாங்கிய இந்தத் தண்டுக்கு ஒரு வரலாறு உண்டு. ஜேம்ஸ் வாட் 1769-இல் தன் நீராவி எஞ்சினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே நீராவி ஒழுகியது. எதையெதையோ அடைத்துப் பார்த்தார். அன்றைய துளையிடும் கருவிகளின் தண்டு ஒரு முனையில் மட்டுமே தாங்கப்பட்டிருந்ததால், வார்ப்பு எப்படிக் கோணியிருந்ததோ அதன் வழியே டூலும் கோணிக்கொண்டு போயிற்று. பீரங்கிக் குழாய் கடைவதில் கைதேர்ந்த ஜான் வில்கின்சன் தண்டைச் சிலிண்டரின் ஊடே செலுத்தி இரு பக்கமும் தாங்கினார். 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் பழைய ஷில்லிங் காசின் தடிமன் அளவுகூடப் பிழை இல்லை என்று வாட்டின் கூட்டாளி போல்டன் 1776-இல் எழுதினார். இன்றைய கணக்குக்கு அது படுமோசமான துளை. அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. வாட்டுக்கு ஆறேழு வருடமாகக் கைகூடாமல் இருந்தது எண்ணமும் இல்லை, இரும்பும் இல்லை. இரண்டு இரும்புகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அடக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இடைவெளி. பட்டறையில் அதற்குக் 'கிளியரன்ஸ்' என்று பெயர். விடை ஒளிந்திருப்பது இங்கேதான். அலுமினிய பிஸ்டன் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அதனால் இரண்டும் குளிர்ந்திருக்கும்போது நடுவே மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடம் விட்டாக வேண்டும். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் தடதடக்கும், எண்ணெய் குடிக்கும். இன்னொரு விஷயம் தெரிந்தால் பலருக்கு வியப்பாக இருக்கும். புதுப் பிஸ்டன் வட்டமாகவே இருப்பதில்லை. கனெக்டிங் ராடோடு பிணைக்கும் 'பின்' செருகும் பக்கம் உலோகம் தடித்திருப்பதால் அங்கே அதிகம் விரியும். அதைக் கணக்கிட்டு முன்கூட்டியே லேசான முட்டை வடிவிலும், தலைப்பக்கம் சிறுத்தும் கடைந்திருப்பார்கள். சூடேறி ஓடும்போதுதான் அது வட்டத்துக்கு வரும். துளையும் அப்படித்தான். ஹெட் போல்ட்டுகளை முறுக்கினால் சிலிண்டர் சுவர் சற்று இழுபடும். அதனால் நுணுக்கமாக வேலை செய்கிறவர்கள், ஹெட்டுக்குப் பதில் ஒரு கனத்த தகட்டை வைத்து அதே முறுக்கில் பூட்டி, அந்த இறுக்கத்தோடேயே ஹோனிங் செய்கிறார்கள், அதாவது துளையின் சுவரைக் கல்லால் நுணுக்கமாகத் தேய்க்கிறார்கள். சுமையை எடுத்தால் துளை கோணும், சுமையோடு இருந்தால் வட்டம்.

ஆக, மேசைமேல் தனித்தனியே கிடக்கும் பிஸ்டனும் சிலிண்டரும் இன்னும் எஞ்சின் ஆகவில்லை. அவற்றுக்கு நடுவிலுள்ள அந்த மெல்லிய ஒன்றுமில்லாமைதான் எஞ்சினை நடத்துகிறது. அது இரும்பிலும் இல்லை, அலுமினியத்திலும் இல்லை, ஆர்.சி. புத்தகத்தில் நிச்சயமாக இல்லை. பௌத்தர் சொன்னதில் பாதி சரி. பிரித்துப் பார்த்தால் உள்ளே எதுவும் கிடைக்காதுதான். ஆனால் வெறும் பெயர் என்று தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் இந்த இல்லாமைக்கு மைக்ரோமீட்டரில் அளவு இருக்கிறது. அதோடு அது தானாக நிற்பதும் இல்லை. யாரோ ஒருவர் அளந்து, வெட்டி, மறுபடி அளந்து அதைப் போட்டுவைக்க வேண்டியிருக்கிறது. 'அதே எஞ்சின்' என்பது கண்டுபிடிக்கும் உண்மையாக இல்லாமல், செய்து செய்து காப்பாற்றும் காரியமாக இருக்கிறது.

இதை ஒத்துக்கொண்டால் சில சங்கடமான முடிவுகளையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 1.00 வரை ஏறிவிட்ட சிலிண்டருக்கு அடுத்த சைஸ் பிஸ்டன் கடையில் கிடைக்காது. அப்போது பட்டறையில் 'ஸ்லீவ் அடிப்பார்கள்'. துளையைப் பெரிதாக வெட்டி, புது வார்ப்பிரும்புக் குழாய் ஒன்றைப் பிரஸ்ஸில் வைத்து உள்ளே இறக்குவார்கள். அலுமினிய சிலிண்டர் என்றால் அதைச் சூடாக்கி, குழாயை ஃப்ரீசரில் குளிரவைத்து, இரண்டும் பழைய நிலைக்கு வரும் முன் சட்டென்று நழுவவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் பாதியில் பிடித்துக்கொள்ளும். பிறகு அதை மறுபடி 70-க்கு வெட்டுவார்கள். பழைய வண்டி உள்ளே புதுச் சுவரோடு 'ஸ்டாண்டர்டு' ஆகிவிடும். பிஸ்டன் உரசும் இடத்தில் பழைய இரும்பு ஒரு துளிகூட இல்லை. இந்த எஞ்சின் 'அதே' எஞ்சின். மாறாக, கண்ணாடிக்குள் காட்சிக்கு நிற்கும் வண்டி, ஒரு போல்ட்கூட மாறாதது, ஆனால் பிஸ்டன் துருப்பிடித்துச் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. நடுவில் இடைவெளி இல்லாத அது, பழைய எஞ்சினின் உலோகம் மட்டுமே. சேகரிப்பாளர்கள் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள்.

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இந்த வழக்கு புதிதில்லை. ஜீர்ணோத்தாரணம் என்ற சொல்லில் வரும் 'ஜீர்ண'மும் வயிற்றுக்கு வரும் 'அஜீர்ண'த்தில் உள்ள ஜீர்ணமும் ஒன்றுதான்: கரைந்தது, தேய்ந்தது. தேய்ந்ததைத் தூக்கி நிறுத்துவது ஜீர்ணோத்தாரணம். திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்து, மூர்த்தியின் சக்தியைக் கலசத்துக்கோ அத்திப் பலகையில் எழுதிய உருவத்துக்கோ மாற்றிவைப்பார்கள். கருவறையில் இருப்பது அதுவரை வெறும் கல். உளி படலாம், கயிறு கட்டலாம். வேலை முடிந்ததும் சக்தி திரும்ப ஏறும். பட்டறைக்காரருக்கு இந்த வசதி இல்லை. எஞ்சின் நம்பரைக் கிராங்க் கேஸில் விட்டுவிட்டுச் சிலிண்டரை மட்டும் எடுத்து வருவதை வேண்டுமானால் அவருடைய பாலாலயம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

திருப்பணியில் இன்னும் ஆழமாகப் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. வழக்கமாகப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளும் கும்பாபிஷேகத்தின் உயிரான வேலை கோபுரத்துக்கு வண்ணம் அடிப்பதில் இல்லை. மூலவருக்கும் பீடத்துக்கும் நடுவே ஓர் இடுக்கு இருக்கிறது. கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என எட்டையும் சேர்த்து நாள்கணக்கில் இடித்துப் பிசைந்து, அந்த இடுக்கில் அடைப்பது அஷ்டபந்தனம். ஆண்டாண்டாக அபிஷேக நீரும் பாலும் பட்டு அது இளகி விடுபடும். அப்போது கல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பீடத்துக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டுக்கும் நடுவே உள்ள பிணைப்பு போயிருக்கும். அதைப் பழுது என்று ஏற்று, ஊரே கூடி முதலிலிருந்து நிறுவுகிறது. எஞ்சினில் இடைவெளியைக் காப்பதும் கோயிலில் இடைவெளியை நிரப்புவதும் எதிரெதிரான செயல்கள்தான். ஆனால் இரண்டு இடத்திலும் கவனம் பொருளின் மேல் இல்லாமல், இரண்டு பொருள்கள் சேரும் இடத்தின் மேல் இருக்கிறது.

பூரியில் வேறு விதம். அங்கே ஜெகந்நாதரின் மரத்திருமேனியையே மாற்றுகிறார்கள். கடைசியாக 2015-இல் நடந்தது. பழைய மேனியிலிருந்து புதியதற்கு 'பிரம்ம பதார்த்தம்' நள்ளிரவில், கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் துணி சுற்றியபடி மாற்றப்படுகிறது. உள்ளே ஏதோ ஒன்று இருக்கிறது, அதுதான் தொடர்கிறது என்பது அந்த மரபின் பதில். காஞ்சிபுரத்தின் பதில் மூன்றாவது வகை. பழைய மூலவர் என்று மரபு சொல்லும் அத்திமர வரதர் அனந்தசரஸ் குளத்தின் அடியில் இருக்கிறார்; கல் வரதர் கருவறையில் இருக்கிறார். 1979-க்குப் பிறகு 2019-இல் 48 நாள் அத்தி வரதர் வெளியே வந்தபோது, ஹாப்ஸ் போட்ட முடிச்சு காஞ்சித் தெருவில் உயிரோடு நின்றது. எது உண்மையான மூர்த்தி என்று வரிசையில் நின்ற யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. இரண்டு பேரையும் சேவித்துவிட்டு இட்லி சாப்பிடப் போனார்கள்.

ஆனால் வெட்டிச் சரிசெய்யும் எந்த வைத்தியத்துக்கும் ஓர் எல்லை உண்டு, அதை மறந்தவர்களால் நடந்த சேதம் தமிழ்நாட்டுக் கோயில்களில் கண்கூடு. கல்லின் மேல் படிந்த சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்க மணலை வேகமாக வீசி அடித்தார்கள். கல் புதுசுபோல வெளுத்தது. கல்வெட்டு எழுத்துகளின் விளிம்பு மழுங்கியது, சிற்பங்களின் மூக்கும் விரலும் தேய்ந்தன. எதிர்ப்புக் கிளம்பித்தான் அந்த முறை அடங்கியது. நல்ல பட்டறைக்காரர் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார். அளவெடுத்துப் பார்த்து, தேய்மானம் வரம்புக்குள் இருந்தால் போரிங் பேச்சையே எடுக்காமல், ஹோனிங் கல்லை நாலு தடவை ஏற்றி இறக்கி, ரிங் மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார். 0.25 போதும் என்கிற இடத்தில் 0.50-க்குப் போகமாட்டார். சுவரின் தடிமன் திரும்ப வராது என்பது அவருக்குத் தெரியும். சோழர் காலத்து எழுத்துக்கு ஓவர்சைஸ் கிடையாது, ஸ்லீவும் கிடையாது.

போரிங் முடிந்த சிலிண்டருக்கு இன்னும் ஒரு சடங்கு பாக்கி இருக்கிறது. ஹோனிங் கல், சுவரில் குறுக்கு மறுக்காக மெல்லிய கீறல்களைப் போட்டிருக்கும். எண்ணெய் தங்குவதற்கு அந்தக் கீறல் வேண்டும். ஆனால் கல்லின் துகளும் அதே கீறலில் உட்கார்ந்திருக்கும். பெட்ரோலில் அலசினால் போகாது. வெந்நீரும் சோப்பும் பிரஷும் வைத்துத் தேய்க்க வேண்டும். பிறகு வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்தால் சாம்பல் நிறம் வரும். மறுபடி தேய்க்க வேண்டும். துணி வெள்ளையாகவே வெளியே வரும் வரை இது நடக்கும். அவசரக்காரர்கள் இரண்டாவது துணியிலேயே நிறுத்திவிடுவார்கள். புது ரிங் சில வாரத்திலேயே தேயும். துணி வெளுத்ததும் தாமதிக்கக் கூடாது. ஈரம் பட்ட பச்சை இரும்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்மை பூசும். உடனே விரலால் எண்ணெய் தடவ வேண்டும். அஷ்டபந்தனம் சாத்தியபின் ஊர்க்காரர்கள் வரிசையில் வந்து எண்ணெய்க்காப்புச் சாத்துவது நினைவுக்கு வந்தால் அது பட்டறைக்காரர் குற்றமில்லை.

முதல் கிக்கில் கொஞ்சம் புகை வரும். பூட்டும்போது தடவிய எண்ணெய் எரிகிறது. வண்டிக்காரர் முகம் சுருங்கும்.

"என்னண்ணே, புது எஞ்சின் மாதிரி ஆயிடும்னீங்க?"

"ஆயிடுச்சு. ரிங் இன்னும் செட் ஆகலை. ஐந்நூறு கிலோமீட்டர் நாப்பதுக்கு மேல போகாதீங்க. அப்புறம் ஆயில் மாத்திட்டு ஒரு தடவை காட்டுங்க."

கீறல்களின் கூர்முனைகள் ரிங்கோடு உரசி மழுங்கினால்தான் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். அதற்காகத்தான் அந்த ஐந்நூறு. வண்டிக்காரர் பாதி நம்பிக்கையோடு கிளம்புகிறார். பட்டறைக்காரர் லேத்தின் அடியிலிருந்து கறுப்புத் தூளைச் செய்தித்தாளில் வழித்து மடிக்கிறார். கழற்றிய பழைய பிஸ்டனைத் துடைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கிறார். அதன் தலையில் ஒரு சின்ன ஓட்டை போட்டு ஊதுபத்தி செருகலாம்.